மூக்கில்லாத கட்டுமரம்

அந்த வாரம் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மயிலாப்பூரில் அச்சகத்து முக்காலியில் உட்கார்ந்தால் குப்பத்துக்கு ஓட வேண்டும் போலிருக்கும். குப்பத்துக்கு வந்து தாளை விரித்தால் ஒரு வரி நகராது. எழுந்து மறுபடியும் தெப்பக்குளம் வரை நடப்பேன். குளத்தைச் சுற்றிவிட்டு, டிராம் திரும்பும் இடத்தில் சும்மா நிற்பேன். எதிலும் ஏறியதில்லை. என் சித்தப்பாவை ஊர் தள்ளிவைக்கப் போகிறது என்பது ஒரு கவலை. நான் எழுதிக்கொண்டிருந்த தொடர்கதைக்கு அடுத்த அத்தியாயம் என்னிடம் இல்லை என்பது இன்னொரு கவலை. இரண்டும் வேறு வேறு என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். சாந்தோம் பக்கத்துக் குப்பம். அப்பா கட்டுமரத்தில் போகிறவர். அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு அடையாறு வரை பங்களா பங்களாவாக மீன் விற்பாள். பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்த எனக்கு, மாட வீதிக்குப் பின்னால் ஒரு சிறு பத்திரிகையில் ப்ரூப் பார்க்கும் வேலை கிடைத்தது. மற்றவர்கள் எழுதியதில் கொம்பும் காலும் சரிபார்த்துச் சரிபார்த்து எனக்கும் கை அரித்தது. அந்தக் காலத்தில் துப்பறியும் கதை என்றால் தொப்பி போட்ட ஒருவர், வாயில் சுருட்டு, குதிரைவண்டியில் ஒரு துரத்தல். இவற்றில் ஒன்றுகூட நான் பார்த்த உலகத்தில் இல்லை. ஆகவே சிறுவர் பக்கத்துக்கு வேறு மாதிரி ஒன்று எழுதிக்கொண்டு போனேன். சேப்பாக்கத்தில் நவாபு இருந்த காலம். அரண்மனைச் சமையற்கட்டுக்கு மீன் கொண்டுபோகும் ஒரு பெண். பேகத்தின் சிவப்புக் கல் காணாமற் போகிறது. அந்தப் பெண் கண்டுபிடிக்கிறாள்.

ஆசிரியர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏன்டாப்பா, பொண் கொழந்தை துப்பறியறதா? கண்ட எடத்துக்கும் போகணுமே. ஆத்துல திட்டமாட்டாளோ?"

"மீன் விக்கிற பொண்ணு சார். அது எல்லா வீட்டுக்கும் போகும். யாரும் ஏன்னு கேட்கமாட்டாங்க."

அவர் சற்று யோசித்தார். "அது சரிதான். ஆனா கதைல மீன் வாசனை ரொம்ப வரப்படாது. சந்தாதாரர் பாதிப்பேர் மாட வீதி."

இப்படித்தான் கதை தொடங்கியது. ஒவ்வொரு அத்தியாயமும் அச்சாகி வந்ததும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், காயப்போட்ட வலையின் நிழலில் உட்கார்ந்து என் தங்கைக்குப் படித்துக் காட்டுவேன். அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். தட்டுத் தடுமாறி வாசிப்பாள். ஆனால் கேட்பதில் சூரப்புலி. அவளோடு குப்பத்துப் பெண்பிள்ளைகள் நாலைந்து பேர் கூடுவார்கள். அவர்களில் ஒருத்தி எங்கள் நாட்டாண்மைக்காரரின் மகள். "அப்புறம் இன்னா ஆச்சு, அப்புறம் இன்னா ஆச்சு" என்று என் கையைப் பிடித்து இழுப்பவளும் அவள்தான். அடுத்தது என்ன என்று எனக்கே தெரியாது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கும். "பொறு, சொன்னா சுவாரசியம் போயிடும்" என்று பெரிய எழுத்தாளன் போல எழுந்துகொள்வேன்.

கல்லை எங்கே ஒளித்து வைப்பது என்று ஒரு அத்தியாயத்தில் முட்டிக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்த பொருளாகத்தான் தேட வேண்டியிருந்தது. அப்பாவின் கட்டுமரம் நினைவுக்கு வந்தது.

கட்டுமரம் கட்டினால்தான் மரம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவார்கள். மறுபடி கடலுக்குப் போகும்போது சேர்த்துக் கட்டுவார்கள். முன்பக்கத்தில், அலையைக் கிழிப்பதற்கு, மேல்நோக்கி வளைந்த கூரான சிறு கட்டை ஒன்று வரும். எங்கள் வீட்டில் அதை மூக்கு என்போம். அப்பாவின் மூக்கில் ஒரு கணு உதிர்ந்து பள்ளம் விழுந்திருந்தது. அப்பா அதில் வேப்பந்துண்டு ஒன்றைச் சதுரமாகச் செதுக்கி அடித்திருந்தார். அடிக்கும்போது ஒரு மூலை சிதைந்துவிட்டது. சிவந்த கட்டையில் வெளுத்த ஒட்டு. மூலை ஒன்று குறைவு. அதை அப்படியே கதையில் போட்டேன். திருடன் கட்டுமரத்தின் முன்கட்டையைக் குடைந்து, கல்லை உள்ளே வைத்து, மூலை சிதைந்த வேப்பந்துண்டால் மூடிவிட்டான்.

அந்த அத்தியாயம் வந்த சில நாட்களில் மூக்கைக் காணவில்லை.

விடியும் நேரம். மற்றவர்கள் எல்லோரும் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். அப்பா மட்டும் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு மணலில் நின்றார். மற்ற கட்டைகள் அப்படியே கிடந்தன. மூக்கு கிடந்த இடத்தில் அதன் வளைவான தடம் மட்டும் இருந்தது. மாசி மாதம், நெத்திலி கரையோரமாகவே வந்துகொண்டிருந்தது. புது மூக்கு செதுக்க நாள் பிடிக்கும். மூக்கை இரவல் கொடுக்கும் வழக்கம் எங்கள் குப்பத்தில் கிடையாது. கொடுத்தவனுக்குக் கடலில் வழி தவறும் என்பார்கள்.

அப்பா யார் பேரையும் சொல்லவில்லை. சொல்ல அவசியமும் இருக்கவில்லை. பொங்கலுக்கு முன்னால்தான் அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரிந்திருந்தார்கள். மற்றதெல்லாம் சுமுகமாக முடிந்து மூக்கில் வந்து நின்றது. "அது எங்க தாத்தன் கையால செதுக்குனது. வலைய நீ வெச்சிக்கோ, மூக்கு எனக்குத்தான் சேரணும்" என்று சித்தப்பா கரை முழுக்கக் கேட்கும்படி கத்தியிருந்தார்.

நான் அச்சகத்திலிருந்து ப்ரூப் பார்க்கும் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்தேன். துப்பறிவதைப் பற்றி ஊரில் எழுதியவன் நான் ஒருவன்தானே? தடம் பார்க்க வேண்டும் என்று மணலில் குனிந்தேன். அந்த மணலில் ஊரே வெறுங்காலோடு நடக்கிறது. எந்தக் கால் யாருடையது?

வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார். "இன்னா நைனா, மணலுக்குப் பேன் பாக்கிறியா?"

"தடயம் பாக்குறேன் மாமா."

"பாரு, பாரு. பாத்துட்டு இப்படி வா, என் தலையிலயும் கீது."

கண்ணாடியை இடுப்பில் செருகிக்கொண்டு குளக்கரைக்கு நடந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. எங்கள் குப்பத்தில் வழக்கை விசாரிக்கும் முறை சுலபமானது. சந்தேகப்பட்டவன் அம்மன் முன்னால் எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்து, நான் எடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. மற்றதை அம்மன் பார்த்துக்கொள்வாள். பொய்யாக அணைத்தவர்கள் எங்கள் ஊரில் இல்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். நானும் நம்பினேன்.

நாட்டாண்மைக்காரர் கற்பூரத்தை ஏற்றச் சொன்னார். அகலமான, பொறுமையான மனிதர். "நீட்டு கைய, வெச்சு அணைச்சுட்டு ஊட்டுக்குப் போ. அவ்ளோதான்" என்றார்.

சித்தப்பா கையைத் தூக்கவில்லை.

"நான் எடுக்கல."

"அத்தத்தான் அணைச்சுட்டு சொல்லு."

"எடுக்கலன்னேன். அணைக்கமாட்டேன்."

கற்பூரம் தானாக எரிந்து அடங்கியது. கூட்டத்தில் ஒரு முனகல். ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் அணைக்காவிட்டால் ஊரை விட்டுத் தள்ளிவைப்பது என்று முடிவாயிற்று. தள்ளிவைத்தால் அந்த வீட்டுக்கு யாரும் நெருப்புக் கொடுக்கமாட்டார்கள். அவர் கட்டுமரத்தை அலையில் தள்ள யாரும் தோள் கொடுக்கமாட்டார்கள். சித்தி கரையில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து மீன் பிரிக்க முடியாது. முடிவை எழுதிப் படிக்க வேண்டியவன் நான். "படிச்ச புள்ள கீதே, அது எழுதட்டும்" என்று நாட்டாண்மைக்காரர் என்னைக் காட்டினார். எத்தனையோ நாள் அந்த மாதிரி ஒரு மரியாதைக்காக ஏங்கியிருந்தேன். அன்று தலையைக் குனிந்தபடி பென்சிலைத் தேடினேன்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பியபோது தங்கை பாதி வழி கூடவே வந்தாள்.

"ண்ணா, ஒண்ணு கேக்கட்டா? உன் கதையில வர்ற பொண்ணா இருந்தா இப்போ இன்னா பண்ணும்?"

"தெரியலம்மா. அதுக்கே இப்போ ஒண்ணும் தோணல."

"எனக்குத் தோணுது. நைனாவோட மூக்கு பழசு, ஒட்டுப் போட்டது. பக்கத்துலயே புதுசு ரெண்டு கெடந்துது. திருட வந்தவன் அத்த உட்டுட்டு பழச ஏன் எடுப்பான்?"

"அதனாலதான் எல்லாரும் சித்தப்பான்னு சொல்றாங்க. அவரோட தாத்தா செதுக்கினதாச்சே."

"சித்தப்பா எடுத்து எங்க கட்டுவாரு? கட்டுனா கரையே பாக்கும். கட்ட முடியாதத அவரு எடுக்கமாட்டாரு. எடுத்தது ஒட்டுக்காக. அந்த ஒட்டு யாருக்கு வேணும்? அதுல கல்லு கீதுன்னு நெனைச்சவங்களுக்கு."

நான் நின்றுவிட்டேன். பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரன் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு ஒதுங்கிப் போனான்.

"யாரு?"

"எல்லாரும் அடுத்த கதை எப்போன்னு என்னைப் புடுங்குறாங்க. ஒருத்தி மட்டும் கதையே வேணாம்ன்றா. போய்க் கேட்டேன், அழுதா. பேர் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன், நீ கேக்காத. இன்னிக்கு மத்தியானம் வெச்சுடுறேன்னு சொல்லிக்கீறா."

உடனே திரும்பி ஓட வேண்டும் போலிருந்தது. "அப்போ சித்தப்பா ஏன் கற்பூரம் அணைக்கல? எடுக்காதவருக்கு இன்னா பயம்?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது. "சித்தி முழுகாம கீது. புள்ளத்தாச்சியோட புருஷன் கற்பூரம் அணைக்கலாமா? நெருப்பு வயித்துக்கு ஆவாதே."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நெத்திலி உதறும்போது மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கினு உதறுது. அடுப்புச் சாம்பல எடுத்து வாயில போட்டுக்கினு திரியுது. முன்ன ரெண்டு தபா வெளிய சொல்லித்தானே தங்கல? அதான் வாய மூடிக்கினு கீதுங்க."

"இதை நாட்டாண்மைகிட்ட சொன்னா எல்லாம் முடிஞ்சுடுமே."

"சொன்னே, அப்புறம் அதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா? சித்தப்பா ஊரே போனாலும் பரவால்லன்னு வாய மூடிக்கினு நின்னாரு. நீ போய் சொல்லுவியா?"

சித்தப்பாவைக் காப்பாற்ற வேண்டும். அவர் எதற்காக வாய் மூடியிருந்தாரோ அதைச் சொல்லாமல் காப்பாற்ற வேண்டும். அன்று முழுவதும் பிழைகளின் மேலேயே என் பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றும் கண்ணில் படவில்லை. ஆசிரியர் இரண்டு முறை வந்து அத்தியாயம் கேட்டார். "நாளன்னிக்குத் தரேன் சார்" என்றேன்.

"நீ கதைய எழுதறயா, கதை உன்னை எழுதறதாடா? இப்படி வெளுத்துப் போயிருக்கே" என்றார் அவர்.

கடலுக்குப் போய்வந்தவர்கள் மத்தியானத்தில் தூங்குவார்கள். அந்த நேரத்தில் கரையில் காக்கைதான் இருக்கும். சொன்னபடியே மூக்கு அதன் இடத்துக்கு வந்துவிட்டது. வேப்பந்துண்டு பெயர்த்து எடுக்கப்பட்டுப் பள்ளம் திறந்து கிடந்தது.

ஓட்டமாக வீட்டுக்கு வந்தபோது, அப்பாடா என்று எல்லோரும் மூச்சு விட்டிருப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். நிலைமை முன்னைவிட மோசமாகியிருந்தது.

"பயந்துட்டான். நாளைக்கு ஊரை உட்டுத் தள்ளிடுவாங்கன்னு கொண்டாந்து போட்டுட்டான்" என்றார்கள் வலைக்காரர்கள்.

"போட்டது பத்தாதுன்னு ஒட்டைப் பேத்து வெச்சுக்கீறான் பாரு. எனக்கு இல்லன்னா உனக்கும் இல்லன்னு. அண்ணன் மேல அம்மாம் வஞ்சம்."

திருட்டுப்பொருள் கிடைத்துவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்று தங்கையும் நினைத்திருந்தாள். கதையில் அப்படித்தான் முடியும். நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அவள் குடிசைக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "நான் பேர் சொல்லமாட்டேன் ண்ணா, சத்தியம். நீயே ஏதாச்சும் செய்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கரையோரமாகவே அடையாற்று முகத்துவாரம் வரை நடந்தேன். ஆறு கடலோடு சேரும் இடத்தில் மணல்திட்டு உடைந்து உடைந்து விழுந்துகொண்டிருந்தது. அங்கேயும் நிற்க முடியவில்லை. திரும்பி நடந்து வரும்போது என் பையிலிருந்த பத்திரிகை தொடையில் தட்டிக்கொண்டே வந்தது. அப்போதுதான் அது தோன்றியது.

மாலை. ஆண்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். நாட்டாண்மைக்காரருக்கு மட்டும் பாய். பெண்கள் எங்கள் வழக்கப்படி தள்ளி, பூவரச மரத்தடியில் நின்றார்கள். ஊர்க் கூட்டத்தில் அவர்கள் பேசும் முறை இல்லை. சித்தப்பா நடுவில் கைகட்டி நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கற்பூரம் மறுபடி எரிந்து அடங்கியது.

"எழுதினத படிப்பா" என்றார் நாட்டாண்மைக்காரர்.

நான் எழுந்தேன். "படிக்கிறேன்" என்று பத்திரிகையைப் பிரித்தேன்.

"அத்திருடன், கட்டுமரத்தின் முன்புறக் கட்டையைக் குடைந்து, அதனுள் பேகத்தின் செங்கல்லை வைத்து, வேப்பந்துண்டால் அடைத்தான். அவ்வொட்டின் நான்கு மூலைகளில் ஒன்று சிதைந்திருந்தது. அதை எவர் அறிவார்?"

"இன்னாப்பா இது?" என்றார் ஒருவர். "செங்கல்லா? செங்கல்ல ஏன்டா ஒளிக்கிறான்?"

"செங்கல் இல்ல மாமா, செவப்புக் கல்லு. ரத்தினம்."

"அப்படிச் சொல்லு."

அப்பா மெல்லத் தலையைத் தூக்கினார். "ஒரு மூலை சிதைஞ்ச ஒட்டா? அது நம்மூட்டு மூக்கு தானே?"

"ஆமா நைனா. பாத்து எழுதினது. அச்சுல வந்தது. வந்த ஞாயித்துக்கிழமை வலை நெழல்ல உக்காந்து இத்த சத்தமா படிச்சேன். கல்லு எங்க கீதுன்னு கேட்டவங்க எல்லாருக்கும் தெரியும். ஒட்டை ஏன் பேத்தாங்கன்னு இப்போ நீங்களே சொல்லுங்க. சித்தப்பா என் கதைய கேட்டதே இல்ல."

படித்தது யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். தலைகள் ஒவ்வொன்றாகப் பூவரச மரத்துப் பக்கம் திரும்பின. அங்கே என் தங்கை முன்னால் வந்து நின்றாள்.

"கேட்டது நாங்கதான்" என்றாள். குரல் கம்மியது, ஆனால் கேட்டது. "தோண்டுனதும் நாங்கதான்."

அவளுக்கு அதில் பங்கே இல்லை என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவள் பின்னாலிருந்து நாட்டாண்மைக்காரரின் மகள் வந்தாள். பாவாடை நுனியை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவ வரல. நான்தான். கவுத்துப் போட்ட படகுக்குக் கீழ வெச்சுத் தோண்டுனேன். உள்ள ஒண்ணுமே இல்ல நைனா." அவள் அழுகைக்கு நடுவில் ஒரு ஏமாற்றமும் இருந்தது. "கல்லு இல்ல."

யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கி, நாட்டாண்மைக்காரரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவர் மகளைத் திட்டவில்லை. பாயிலிருந்து எழுந்தார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சித்தப்பா நின்ற பக்கம் போய், மற்றவர்களோடு மணலில் உட்கார்ந்தார். தன் வீட்டு வழக்கில் பாயில் உட்காரக் கூடாது என்பது எங்கள் முறை. ஆனால் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "வேற யாராச்சும் சொல்லுங்க. எனக்கு வாய் இல்ல" என்றார்.

அடுத்த மூத்தவர் தொண்டையைக் கனைத்தார். "பொருள் வந்துடுச்சு. எடுத்தது கொழந்த. தள்ளிவைக்கிறது இல்ல." பிறகு சித்தப்பா பக்கம் திரும்பினார். "அது சரி, நீ தான் எடுக்கலியே. அன்னிக்கே அணைச்சுட்டுப் போயிருந்தா இம்மாம் ரகளை ஏது? ஏன்டா அணைக்கல?"

சித்தப்பா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெண்கள் கூட்டத்தில் சித்தி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

அப்போது அம்மா பேசினாள். கூட்டத்தில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை. பங்களா வாசல்களில் விலை பேசும் அதே குரல்.

"இன்னும் இன்னா கேள்வி? அணைக்காதவனுக்கு ஆயிரம் இருக்கும். பொண்டாட்டி புள்ள கட்டுனவங்கதானே எல்லாரும் குந்திக்கீறீங்க? எழுந்து போங்க, வலை நனையுது."

அந்த மூத்தவர் வாயைத் திறந்தார், மூடினார். பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாக அது புரிந்துகொண்டே போனது. வாய் திறந்து யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருவர் எழுந்து மண்ணைத் தட்டினார். பிறகு எல்லோரும் எழுந்தார்கள்.

சித்தப்பா என் பக்கமாக வந்தார். கட்டிக்கொள்வார் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"இனிமே கதையில எங்கூட்டுக் கட்டைய எழுதாத" என்றார். "ஒன்ன படிக்க வெச்சது இதுக்கா?" கோபமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு நடந்துவிட்டார். அப்பாவிடம் அவர் பேசவில்லை, அப்பாவும் கூப்பிடவில்லை.

அன்று இரவு நான் எழுதிய அத்தியாயத்தை ஆசிரியர் மறுநாள் நின்றபடியே படித்தார். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"பழி விழுந்த இந்த அரண்மனை சமையல்காரன் ஏன் பேசாம இருந்தான்னு அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சுடுத்து. ஆனா சொல்லமாட்டேங்கறதே? கடைசில எல்லாத்தையும் சொன்னாத்தானே துப்பறியற கதை."

"திருடன் யாருன்னு சொல்லிடுது சார். இது அவன் சொந்த விஷயம்."

"கொழந்தைகள் கேட்டு எழுதுமே?"

"எழுதட்டும் சார்."

அவர் உதட்டைப் பிதுக்கினார். ஆனால் வெட்டவில்லை.

அச்சகத்துக்குப் போகும் முன் அன்று காலையில் கரை வழியாகத்தான் வந்தேன். கட்டுமரங்கள் திரும்பிவிட்டிருந்தன. வலைகளைச் சுற்றிப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து நெத்திலியை உதறிக்கொண்டிருந்தார்கள். சித்தி சற்றுத் தாமதமாக வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாதவள் போல நின்றாள். வட்டத்திலிருந்த ஒருத்தி, பேச்சை நிறுத்தாமலே, தன் கூடையை இழுத்துக்கொண்டு காற்று வரும் பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டாள். சித்தி உட்கார்ந்து, மீன் வாசனை படாதபடி முகத்தைக் கடலுக்குத் திருப்பிக்கொண்டு, வலையைக் கையிலெடுத்தாள்.